கேமரா போட்டோவுக்கு லொகேஷன் போடுறது எப்படி? போன்ல ரெக்கார்ட் பண்ண ரூட்டே போதும்

வணக்கம் மக்களே. போன்ல போட்டோ எடுத்தா எங்க எடுத்தோம்னு அதுவே மேப்ல காட்டிடுது, ஆனா காசு சேர்த்து சேர்த்து வாங்குன கேமராவுல பல மாடல்ல ஜிபிஎஸ்ஸே கிடையாது, அதனால கொல்லிமலை போய்ட்டு 400 போட்டோவோட வந்து உக்காந்தா எது எந்த கொண்டை ஊசி வளைவுன்னே தெரியல, மொத்தம் 70 வளைவு வேற!

இதுக்கு வழி ஈஸி தான். கிளம்பும்போதே போன்ல ஓஎஸ்எம்அண்ட் மாதிரி ஏதாவது ஒரு ஆப்ல ட்ரிப் ரெக்கார்டிங் ஆன் பண்ணி பாக்கெட்ல போட்டுக்கோங்க. சில செகண்டுக்கு ஒரு தடவ எங்க இருக்கோம்னு குறிச்சுட்டே வரும், நெட் கூட வேணாம். வீட்டுக்கு வந்து அந்த ரூட்ட ஜிபிஎக்ஸ் ஃபைலா, அதாவது போன வழிய புள்ளி புள்ளியா எழுதி வெச்ச ஃபைலா எடுத்துக்கலாம்.

[ஸ்க்ரீன்: நோட்பேட்ல ஜிபிஎக்ஸ் ஃபைல்]

பாருங்க, வெறும் டெக்ஸ்ட் தான். ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், டைம். போட்டோவுக்குள்ளயும் எக்ஸிஃப்னு ஒரு பகுதியில எடுத்த டைம் இருக்கும். சாஃப்ட்வேர் அந்த டைமுக்கு முன்னாடி ஒரு புள்ளி, பின்னாடி ஒரு புள்ளி புடிச்சு, நடுவுல நீங்க எங்க இருந்திருப்பீங்கன்னு கணக்கு போட்டு எழுதிடும், அவ்ளோதான்.

இப்போ அந்த டைம கொஞ்சம் உத்துப் பாருங்க. நான் காலைல 10 மணிக்கு மலை ஏறிட்டு இருந்தேன், இங்க 4:30ன்னு இருக்கு. ஏன்னா ஜிபிஎக்ஸ்ல டைம் யுடிசில, அதாவது உலகத்துக்கே பொதுவான நேரத்துல தான் இருக்கும், நம்ம டைம் அதவிட 5:30 மணி நேரம் முன்னாடி. இத சாஃப்ட்வேர்ல சொல்லாம விட்டேன், 12 மணிக்கு எடுத்த ஆகாய கங்கை அருவி மேப்ல நாமக்கல் பஸ் ஸ்டாண்ட் மேல வந்து நிக்குது, ஏன்னா சாயங்காலம் 5:30க்கு நான் அங்க டீ குடிச்சுட்டு இருந்தேன்!

சரி, அத மாத்தியாச்சு. அப்பவும் போட்டோ எல்லாம் சில வளைவு கீழயே விழுது. இது கேமரா கடிகாரம் பண்ற வேலை, மாசக்கணக்கா செட் பண்ணாம விட்டா அது பாட்டுக்கு ஓடும். என்னோடது 3 நிமிஷம் 40 செகண்ட் ஸ்லோ. மலைல 20 கிலோமீட்டர் ஸ்பீடுல போனா கூட ஒண்ணே கால் கிலோமீட்டர் தப்பு. எப்படி கண்டுபுடிச்சேன்னா, செகண்ட் முள்ளோட போன் கடிகாரத்த கேமராலயே ஒரு போட்டோ எடுத்தேன். போட்டோல தெரியுற டைம் 9:15:20, எக்ஸிஃப்ல 9:11:40. கழிச்சா வந்துடுச்சு. ஒவ்வொரு ட்ரிப்லயும் முதல் போட்டோ இதுவா இருக்கட்டும்ங்க, கெஞ்சி கேக்குறேன்.

சாஃப்ட்வேர்னு பாத்தா, பட்டன் அழுத்தி பண்ணணும்னா டிஜிகாம், ஃப்ரீ தான். நான் யூஸ் பண்றது ஃபில் ஹார்வி எழுதுன எக்ஸிஃப்டூல், அதுவும் ஃப்ரீ, ஒரே வரி கமாண்ட்ல ஃபோல்டர் முழுக்க முடிஞ்சுடும், பழைய போட்டோவையும் ஒரு காப்பி வெச்சுக்கும். ஜியோசிங்க்னு ஒரு ஆப்ஷன்ல அந்த 3:40ஐ ப்ளஸ் போட்டு குடுத்தா போதும். கம்ப்யூட்டர்ல இந்திய நேரம் செட் பண்ணியிருந்தா யுடிசி கணக்க அதுவே பாத்துக்கும்.

இன்னொண்ணு, ரெக்கார்டிங்க வீட்டு வாசல்லயே ஆன் பண்ணாதீங்க, தெருமுனை தாண்டி பண்ணுங்க. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்புனா லொகேஷன் அழிஞ்சுடும், ஆனா குவாலிட்டி குறையக்கூடாதுன்னு டாக்குமெண்டா அனுப்புவோம்ல, அதுல உங்க வீட்டு வாசல் வரைக்கும் அப்படியே போகும்.