வான் பாய்ந்த பின்னும் பழைய பாதை

வணக்கம் நேயர்களே.

போன மாரியில் ஒட்டுசுட்டான் பக்கத்து வயலொன்றில் காவலிருந்த ஐயா ஒருவர், இரவு 11 மணி போல எனக்கு ஒரு செய்தி அனுப்பினார். "யானை, கிழக்கு வரம்பு." அவ்வளவுதான். அந்த வெளியில் கைத்தொலைபேசிக்குச் சிக்னல் கிடையாது. ஆனால் அவருடைய காவல் கொட்டிலில் சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு லோரா ரேடியோ (குறைந்த மின்சாரத்தில் தூரத்துக்குச் சிறு செய்தி அனுப்புவது) தொங்குகிறது. போனில் எழுதியதை அது புளூடூத்தில் வாங்கி, குளக்கட்டில் நிற்கும் ரிப்பீட்டருக்கு (கேட்டதைத் திரும்பச் சொல்லிக் கடத்திவிடும் பெட்டி) அனுப்பும். அங்கிருந்து சந்திக் கடை மாடியில் உள்ள ரிப்பீட்டருக்கு, பிறகு என் வீட்டுக்கு. மெஷ்கோர் என்ற மென்பொருளில் ஐந்தாறு பேர் சேர்ந்து பரீட்சித்துப் பார்க்கிற வலை இது.

செய்தி வரவே இல்லை. விடிந்ததும் ஐயா வந்தார். "தம்பி, உந்தப் பெட்டி படுத்திட்டுது." அரை ஏக்கர் நெல் மிதிபட்டுப் போயிருந்தது. வேறு யாரிலும் பழி போட முடியாது, வலையைக் கட்டியவன் நான்தான்.

பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் அதில் ஒரு குறையும் இல்லை. படுத்திருந்தது குளக்கட்டு ரிப்பீட்டர். நாலைந்து நாள் வெயிலே இல்லை, சோலார் பற்றரி இறங்கிவிட்டது. சரி, பக்கத்து வீட்டுக் கூரையில் இன்னொரு ரிப்பீட்டர் நல்லபடி வேலை செய்துகொண்டுதானே இருந்தது? அந்த வழியாக ஏன் போகவில்லை?

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு முதன்முதல் செய்தி அனுப்பும்போது பெட்டிக்கு வழி தெரியாது. ஊர் முழுக்கப் பறையடிப்பது போல எல்லாப் பக்கமும் பரப்பும். கேட்கிற ஒவ்வொரு ரிப்பீட்டரும் தன் அடையாளத்தைச் செய்தியில் சேர்த்துத் திரும்பச் சொல்லும். போய்ச் சேர்ந்ததும், வந்த வழி இன்னது என்று மறுபக்கப் பெட்டி பதில் அனுப்பும். அனுப்பிய பெட்டி அதைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த தடவையிலிருந்து அந்த வழியால் மட்டுமே அனுப்பும். சிக்கனமான ஏற்பாடு. 10 ரிப்பீட்டர் உள்ள ஊரில் பரப்பினால் பத்தும் வாய் திறக்கும். பாதை தெரிந்தால் இரண்டு மூன்று பேசினால் போதும். லோரா மிக மெதுவான அலை. ஒரே அலைவரிசையில் ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசினால் இரண்டும் குழம்பிவிடும்.

ஆனால் குறித்து வைத்த பாதையில் நடுவில் ஒன்று செத்துப்போனால், அதைப் போய்ச் சொல்ல யாரும் இல்லை. வழமையாக, சில தடவை தவறினால் மெஷ்கோர் செயலியே பாதையை அழித்துவிட்டுப் பரப்பிப் பார்க்கும். அந்த அமைப்பை நிறுத்தி வைத்திருந்தால், குளம் வான் பாய்ந்து றோட்டை மூடிய பிறகும் பழைய வழியாலேயே லாண்ட்மாஸ்டரை விடுகிறவர் மாதிரி, பெட்டி அதே பாதையில் அனுப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று தடவை இடம்பெயர்ந்த எங்கள் சனத்துக்கு, பழைய விலாசத்துக்குப் போட்ட கடிதம் என்னாகும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லா வலையும் இப்படி இல்லை. 2003 இல் வெளியான ஏ.ஓ.டி.வி. என்ற நெறிமுறையில் பாதைக்கு ஆயுள் உண்டு. 3 விநாடி பயன்படாவிட்டால் காலாவதி என்பதுதான் அதில் எழுதியிருக்கும் வழமையான அளவு. இடையில் அறுந்தால் அறுந்த இடத்திலிருந்து பிழைச் செய்தியும் திரும்பி வரும். மெஷ்கோர் போன்ற இன்னொரு லோரா மென்பொருளான மெஷ்டாஸ்டிக், 2.6 பதிப்பிலிருந்து, தனிச் செய்தியை அடுத்து எந்தப் பெட்டி கடத்த வேண்டும் என்பதை நினைவில் வைக்கிறது, கடைசி முயற்சியில் அதைக் கைவிட்டுப் பரப்பிவிடும். மெதுவான லோராவில் 3 விநாடிக்கொரு தடவை வழி தேடுவது கட்டுப்படியாகாது என்பது என் எண்ணம். ஆனால் மறக்கவே மறக்காமல் இருப்பதும் சரிவராது.

மெஷ்கோர் செயலியில் ஒருவருடைய பெயரைத் தொட்டால், அவருக்கான பாதையைக் கையாலேயே அழிக்கவும் வழி உண்டு. அழித்தால் அடுத்த செய்தி பரப்பப்பட்டு, புது வழி தானாகப் பதியும். அன்றிரவு ஐயா அதைச் செய்திருந்தால் கூரை ரிப்பீட்டர் வழியாக எனக்கு வந்திருக்கும். அவருக்கு அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்காகப் பொழுதுபோகாமல் அழித்து அழித்து விளையாடவும் கூடாது, எல்லாருடைய நேரத்தையும் தின்னும். பதில் வராத இடத்தில் மட்டும், ஒருதரம்.

இன்னொரு விசயம். மாரியில்தான் பற்றரி இறங்கும், மாரியில்தான் குரங்குகள் அன்ரனாவில் தொங்கும் (முறிந்த இரண்டை வீட்டில் வைத்திருக்கிறேன்), மாரியில்தான் பாதையும் பழசாகும். ஆகவே யானை வந்த பிறகு வழியைச் சோதிப்பதில் பயனில்லை. இப்போது ஐயா பொழுதுபடக் கொட்டிலுக்கு ஏறியதும் ஒரு செய்தி விடுவார். சேர்ந்ததென்று அடையாளம் விழாவிட்டால் பாதையை அழித்து மறுபடி அனுப்புவார். இருட்டுவதற்கு முன்னமே வழி புதுசாகிவிடும்.

பெட்டி வாங்க நினைப்பவர்கள் முதலில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் அலைவரிசையையும் அனுமதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் அன்ரனா வைத்த பெட்டியோடு பிடிபட்டால் விளக்கம் சொல்லவே ஒரு நாள் போகும்.

சோதனைக்கு ஐயா அனுப்புவது தினமும் ஒரே சொல்: "சாப்பிட்டாச்சோ". தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைற், அந்த ஒரு சொல்லே 42 பைற் ஆகிறது. ஒரு புள்ளி போட்டாலே போதும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கிறாரில்லை.