பஸ் ஸ்டாண்டில் அலறும் பையனுக்கு என்ன ஆச்சு? ஒகேனக்கல் பரிசலில் இருக்கிறது விடை!

(திரையில்: தருமபுரி பஸ் ஸ்டாண்ட், காலை நேரக் கூட்டம்)

வணக்கம். 6 வயதுப் பையன் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அலறுகிறான். "செல்லம் ரொம்ப ஜாஸ்தி." "நாலு போட்டா அடங்கும்." "மந்திரிச்சுக் கயிறு கட்டுங்க." சுற்றி நிற்பவர்கள் சொல்லும் இந்த மூன்றுமே தப்பு. அவனுக்கு ஆட்டிசம்.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் நோய் அல்ல, மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. 1943ல் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி இதை விவரித்தார். தடுப்பூசியால் வராது, அம்மாவின் வளர்ப்பாலும் வராது. சரி, ஒகேனக்கலுக்குப் போவோம்.

பரிசலில் அருவிக்குப் பக்கத்தில் போயிருக்கிறீர்களா? பரிசல்காரர் ஏதோ சொல்வார். வாய் அசைவது தெரியும், பேச்சு காதில் விழாது. சாரல் அடித்துக் கண்ணைத் திறக்க முடியாது. அந்த நேரத்தில் ஒருவர் தோளைப் பிடித்து உலுக்கி, "பேர் என்ன? எந்த ஊர்? என்ன படிக்கிற?" என்று கேட்டால் உங்களுக்குப் பதில் வருமா? எரிச்சல்தான் வரும். நமக்குக் கொஞ்ச நேரத்தில் கரை வந்துவிடும், அங்கே மீன் வறுவலும் இருக்கும். அந்தப் பையனுக்கு வீடு போய்ச் சேரும்வரை கரை கிடையாது.

ஏர் ஹாரன், கண்டக்டர் விசில், "பாலக்கோடு, பாலக்கோடு" என்ற கூவல், சட்டைக் காலரில் உறுத்தும் லேபிள். இதையெல்லாம் நம் மூளை தானாகவே ஒதுக்கிவிடுகிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு எல்லாம் ஒன்றாக வந்து மோதும். கையை உதறுவதும் முன்னும் பின்னும் ஆடுவதும் அந்த வெள்ளத்தில் அவர்கள் பிடித்துக்கொள்ளும் பிடிமானம். தயவுசெய்து அதைத் தடுக்காதீர்கள். வளர்ந்த பிறகும் பலருக்கு இது தேவைப்படும்.

2 வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை, விரல் நீட்டி எதையும் காட்டவில்லை என்றால், "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

அடுத்த முறை அப்படி ஒரு பையனைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளி நின்று இடம் விடுங்கள். செல்போனை வெளியே எடுக்காதீர்கள். "ஏதாவது வேணுமாக்கா?" என்று அம்மாவிடம் மெதுவாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. உங்கள் வீட்டில் ஆட்டிசம் உள்ளவர் இருந்தால், ஊர்ப் பண்டிகையில் எந்தச் சத்தம் அவரை அதிகம் வதைக்கிறது? மேளமா, வெடியா, மைக் செட்டா? கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோ அதைப் பற்றித்தான்.