நாலு டைல் சேர்ந்தால் ஒரு பூ

வணக்கம். அடுப்படியில் நின்றுகொண்டும் துணி மடித்துக்கொண்டும் வானொலியில் இதைக் கேட்கிறவர்களுக்கு முதலில் ஒரு சின்ன வேலை. பக்கத்தில் பூப்போட்ட டைல்ஸ் ஒட்டிய சுவரோ தரையோ இருந்தால் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். ஒரே டைலுக்குள் முழுப் பூ இருக்கிறதா, இல்லை நாலு டைல்களின் மூலைகள் சந்திக்கிற இடத்தில்தான் பூ முழுசாகிறதா? இரண்டாவது வகை என்றால் நீங்களும் நானும் ஒரே கட்சி.

எங்கள் குளியலறையில் அந்த வகைதான். தரையிலிருந்து ஐந்தாவது வரிசை, கண்ணாடிக்குச் சற்று இடப்பக்கம், ஒரு டைல் திரும்பி ஒட்டியிருக்கிறது. ஒட்டியவர் தேர்ந்த கை, மற்றதெல்லாம் நூல் பிடித்த மாதிரி நிற்கும். அந்த ஒன்றைக் கையில் எடுத்த நேரம் யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும், அல்லது பசி வந்திருக்க வேண்டும். மூன்று கால்பூக்கள் நடுவில் வந்து சேர, நாலாவது மட்டும் கோபித்துக்கொண்ட மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவர்கூட அதைக் கவனித்ததில்லை. நான் மட்டும் பதினோரு வருஷமாக, தினமும் காலையில் வாய் நிறைய நுரையோடு அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அந்த எரிச்சலில் தொடங்கியதுதான் இந்தப் பைத்தியம். இப்போது எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் கூரையைப் பார்ப்பதற்கு முன்னால் தரையைப் பார்க்கிற ஆளாகிவிட்டேன்.

ஆகவே இன்று சொல்லப்போவது ஒரே விஷயம்தான், அதையே திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டைலைத் தனியாகப் பார்க்காதீர்கள். ஒரு டைல் என்பது கால்வாசிப் பூ. பக்கத்து டைலை நம்பித்தான் அது பிறக்கிறது.

எவ்வளவு பழைய சங்கதி என்று பாருங்கள். எகிப்தில் சக்காரா என்ற இடத்தில் ஜோசர் மன்னரின் படிக்கட்டுப் பிரமிடு இருக்கிறது, ஏறக்குறைய 4,600 ஆண்டுப் பழசு. அதற்கு அடியில், வெளிச்சமே போகாத அறைகளின் சுவர்களில், நீலப்பச்சை நிறத்தில் சின்னச் சின்ன டைல்கள், 36,000-க்கு மேல். களிமண் இல்லை, படிகக்கல்லைப் பொடித்துப் பிசைந்து சுட்டது, நிறம் செம்பு தந்தது. எதற்கு இவ்வளவு பாடு? நாணல் பாய் தொங்கவிட்ட சுவர் மாதிரித் தெரிய வேண்டுமாம். பாய்! அரண்மனையில் தொங்குகிற நிஜப் பாய் இற்றுப்போகும், செத்துப்போன பிறகு மன்னருக்கு இற்றுப்போகாத பாய் வேண்டும். ஒவ்வொரு டைலின் பின்பக்கத்திலும் ஒரு புடைப்பு, அதில் ஒரு துளை, கயிறு கோப்பதற்கு. முன்பக்கம் பார்த்து மயங்குகிறவர்கள் இந்தப் பின்பக்கத்தைப் பார்ப்பதில்லை என்பது என் பழைய குறை.

மரம் மாதிரி டைல்ஸ், பளிங்கு மாதிரி டைல்ஸ் என்று அடுக்கியிருப்பதைப் பார்த்து முகம் சுளித்தவன்தான் நான். இந்தப் பாய் விஷயம் தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டேன். பிறக்கும்போதே வேஷம் கட்டிக்கொண்டு பிறந்த சாமான் அது. ஆனால் ஒன்று, மர டைல்ஸ் போட்ட தரையில் சில இடங்களில் ஒரே முடிச்சு, அதே இடத்தில், நாலு பலகைக்கு ஒருதரம் வந்து நிற்கும். மரத்தில் அப்படி நடக்காது. கடையில் ஒரு பலகையைக் கையில் வாங்கிப் பார்த்தபோது அசல் மரம்தான். தரை முழுக்கப் போட்ட பிறகுதான் குட்டு வெளிப்படும். மறுபடியும் அதேதான், தனியாகப் பார்த்து ஏமாறாதீர்கள்.

அப்புறம் துருக்கியின் இஸ்னிக். 16-ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்ச் சூளைகளில் வெந்த டைல்களுக்கு ஈடு கிடையாது என்பது என் கட்சி. வெள்ளைப் பரப்பில் நீலம், பச்சை, அதற்கு நடுவே ஒரு சிவப்பு. இந்தச் சிவப்பை லேசாக நினைக்கக் கூடாது. மற்ற நிறங்கள் மெருகுக்கு, அதாவது மேலே பூசிச் சுடுகிற கண்ணாடி மாதிரிப் பூச்சுக்கு, அடியில் தட்டையாகப் படுத்திருக்கும், சிவப்பு மட்டும் இரும்புச்சத்துள்ள மண்குழம்பைக் கெட்டியாக வைத்துச் சுடுவது, அதனால் விரலால் தடவினால் மேடு தட்டும். இஸ்தான்புல்லில் 1557-இல் கட்டி முடித்த சுலைமானியே மசூதியில் அந்தச் சிவப்பு தலைகாட்டியது. சில வருஷங்களில் ருஸ்தம் பாஷா மசூதியில் சுவர் சுவராக நிறைந்துவிட்டது. இரண்டையும் கட்டியவர் சினான் என்ற ஒரே கட்டடக் கலைஞர்தான்.

அரை நூற்றாண்டு கழித்து அதே இஸ்தான்புல்லில் நீல மசூதி எழுகிறது, 1609-லிருந்து 1616 வரை. 20,000-க்கும் மேற்பட்ட டைல்கள் வேண்டும். சுல்தான் ஒரு டைலுக்கு இன்ன விலை என்று கட்டளை போட்டுவிட்டார். வெளியே விலைவாசி ஏறுகிறது, டைல் விலை மட்டும் ஏறக் கூடாது. சூளைக்காரர் என்ன செய்வார்? அரசரிடம் முறையிடவா முடியும்? போகப் போகச் சிவப்பு பழுப்பாகிறது, வெள்ளையில் திட்டுத் திட்டாகக் கறை, மெருகு மங்குகிறது. கணக்குப் புத்தகம் இல்லாமலேயே அந்தச் சுவரில் விலைவாசியைப் படித்துவிடலாம். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அந்தச் சிவப்பைச் சுடுகிற வித்தையே கைவிட்டுப் போயிற்று. விலையை அடித்துப் பேசிவிட்டு வேலை சரியில்லை என்று குறைப்படுகிற நம் எல்லோருக்கும் சுல்தான் ஒரு வகையில் சொந்தக்காரர்தான்.

இப்போது நான் ஆசையாக வைத்திருக்கிற கதைக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும்.

போர்ச்சுகலில் டைலுக்கு அசுலேஜோ என்று பேர். அந்த மொழியில் அசுல் என்றால் நீலம், டைல்களும் பெரும்பாலும் நீலம், எனவே நீலத்திலிருந்து வந்த பேர் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். அது அரபியிலிருந்து வந்த சொல், வழவழப்பாக்கிய சின்னக் கல் என்பது பொருள். அந்த நீலம் எப்படித் தீட்டப்படுகிறது தெரியுமா? ஒருமுறை சுட்ட ஓட்டின் மேல் வெள்ளீயம் கலந்த வெள்ளை மெருகைப் பூசி உலரவிடுகிறார்கள். காய்ந்ததும் அது சுண்ணாம்புப் பொடி மாதிரித்தான் இருக்கும், நகம் பட்டால் உதிரும். காகிதத்தில் படத்தை வரைந்து, கோடு நெடுக ஊசியால் குத்தி, அதை மேலே வைத்துக் கரித்தூள் மூட்டையால் ஒத்தி எடுத்தால் வெள்ளையில் புள்ளிப் புள்ளியாகக் கோடு விழுகிறது. அப்புறம் தூரிகை. தூரிகை பட்ட மாத்திரத்தில் அந்தப் பொடி நிறத்தை உறிஞ்சிக்கொள்ளும். அழிக்க முடியாது, மேலே பூசி மறைக்கவும் முடியாது, கை நடுங்கினால் அந்த நடுக்கமும் சூளைக்குள் போய் முந்நூறு வருஷம் நிற்கும். பழைய டைல்களில் ஒரு மூக்கு கோணலாக, ஒரு நாய்க்கு வால் தடியாக இருப்பதைப் பார்த்தால் எனக்கு அந்த ஆளின் மூச்சே கேட்கிற மாதிரி இருக்கும்.

சரி, கதை. லிஸ்பனில் ஒரு பழைய கன்னிமாடத்தை டைல்ஸ் அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே சுமார் 23 மீட்டர் நீளத்துக்கு ஒரே காட்சி, நீலமும் வெள்ளையும். 1700 வாக்கில் செய்தது. ஆற்றிலிருந்து பார்த்தால் லிஸ்பன் நகரம் எப்படித் தெரியுமோ அப்படியே தீட்டியிருக்கிறார்கள். அரண்மனை, தேவாலயங்கள், குன்றின் மேல் வீடுகள், படகுகள், எல்லாம். மாளிகைச் சுவருக்கு அலங்காரம், அவ்வளவுதான் அன்றைக்கு அதன் மதிப்பு. 1755 நவம்பர் 1-ஆம் தேதி நிலநடுக்கம். அதற்குப் பின்னால் கடல் பொங்கி வந்தது, அதற்கும் பின்னால் நாட்கணக்கில் தீ. ஆற்றங்கரையில் இருந்த அரண்மனை போயிற்று. அந்த டைலில் உள்ள பாதி நகரம் இன்று தரையில் இல்லை. பழைய லிஸ்பன் எப்படி இருந்தது என்று தேடுகிறவர்கள் இந்தச் சுவர் அலங்காரத்தின் முன்னால் வந்துதான் நிற்க வேண்டியிருக்கிறது. காகிதமாக இருந்தால் எரிந்திருக்கும், துணியாக இருந்தால் நனைந்திருக்கும். டைல் ஏற்கெனவே நெருப்பைப் பார்த்துவிட்டு வந்தது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது வேறு. படகு ஒன்று இருக்கும், பாதி ஒரு டைலில், பாதி அடுத்ததில். பாய்மரத்தின் குறுக்கே டைல் சந்து ஓடும். ஒரு டைலைப் பெயர்த்துக் கொண்டுபோனால் உங்களிடம் இருப்பது அரைப் படகு. ஆனாலும் பெயர்க்கிறார்கள்! அந்த ஊரில் பழைய வீடுகளின் முகப்பிலிருந்து டைல்களைத் திருடிப் பழம்பொருள் சந்தையில் ஒன்றிரண்டாக விற்பது ஒரு தொழிலாகவே நடந்தது, சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு. வாங்குகிறவர் அதை ஃபிரேம் போட்டு மாட்டுகிறார், கால்வாசிப் பூவை. எனக்கு இதைச் சொல்லும்போதே... சரி, விடுங்கள்.

இன்னொரு சுவாரஸ்யம். நல்ல டைல் வேலைகளில் பல, முகம் குப்புற நடக்கின்றன. மொராக்கோவில் செல்லீஜ் என்று சொல்கிற வேலையில், மெருகிட்ட ஓட்டைக் கூர்ச் சுத்தியலால் நட்சத்திரமாக, இதழாகக் கொத்தி, தரையில் வண்ணப்பக்கம் கீழே இருக்கும்படி அடுக்குகிறார்கள். அடுக்குகிறவர் பார்ப்பதெல்லாம் ஓட்டின் பின்பக்கம்தான், ஒரே மண் நிறம். எந்தத் துண்டு பச்சை எது மஞ்சள் என்பது அவர் தலைக்குள் இருக்கிறது. பின்னால் சாந்து ஊற்றி இறுகிய பிறகு தூக்கி நிமிர்த்தினால்தான் கோலம். ஆத்தங்குடி டைலும் அப்படித்தான், கண்ணாடிப் பலகை மேல் முதலில் வண்ணம், அதற்கு மேல் மணலும் சிமென்ட்டும். சூளையே கிடையாது, தண்ணீரில் ஊறப்போட்டுப் பதப்படுத்துவது, பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னி ஆப்பரா ஹவுஸ் கூரை தெரியுமல்லவா, தூரத்திலிருந்து வெள்ளைப் பாய்மரம் மாதிரி இருக்கும். அது முழுக்க டைல், 10,56,006. ஒரே வெள்ளை இல்லை, பளபளக்கிற வெள்ளை ஒன்று, மங்கலான பாலாடை நிறம் ஒன்று. ஸ்வீடனில் சுட்டு வந்தவை. அவற்றையும் தட்டுகளில் குப்புற அடுக்கி, பின்னால் கான்கிரீட் ஊற்றி, பலகை பலகையாகத்தான் மேலே ஏற்றினார்கள். வடிவமைத்த உட்சன் 1966-இல் மனஸ்தாபப்பட்டு வேலையை விட்டுப் போனவர், 1973-இல் திறந்த பிறகும் திரும்பிப் போய் அதைப் பார்க்கவேயில்லை. குப்புற அடுக்கியதை நிமிர்த்திப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்.

இங்கே ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஐந்து விரலைக் காட்டுகிறார். ஐந்து நிமிஷமா? இல்லையாம், மூன்றுதானாம், நான் பார்க்கும்போது இரண்டு விரலை மடக்கிவிட்டார். ஓவியத்தில் டைல் என்று ஒரு பெரிய பகுதியே வைத்திருந்தேன். நெதர்லாந்து ஓவியர் வெர்மீர் தீட்டிய பால் ஊற்றும் பெண்ணின் படம் எங்கேயாவது கண்ணில் பட்டால், அவள் முகத்தை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் கீழே சுவர் தரையைத் தொடுகிற இடத்தைப் பாருங்கள். வரிசையாக டெல்ஃப்ட் என்ற அவர் ஊர்ப் பேரில் வழங்குகிற டைல்ஸ், அதில் ஒன்றில் வில்லோடு ஒரு குட்டி மன்மதன். தரை துடைக்கிற தண்ணீர் சுண்ணாம்புச் சுவரில் படாமலிருக்க ஒட்டியது, இன்று நாம் ஸ்கர்ட்டிங் என்கிறோமே, அதே காரியம்.

பார்சிலோனாவில் கவுடி என்ற கட்டடக் கலைஞர் உடைந்த டைல்களை வைத்துச் செய்ததையும் ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். தட்டை டைல் வளைவில் ஒட்டாது, உடைத்தால் ஒட்டும். பார்க் குயெல் பூங்காவின் பாம்பு மாதிரி வளைகிற பெஞ்சு முழுக்க அதுதான், அதில் ஜுஜோல் என்ற அவர் கூட்டாளியின் கைதான் அதிகம். 1840-இல் பொத்தான் செய்யப் பதிந்த காப்புரிமை ஒன்றை வாங்கி டைல் அடித்த இங்கிலாந்துக் கதை இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். 2022-இல் டேவிட் ஸ்மித் என்கிற ஓய்வுபெற்ற அச்சுத் தொழிலாளி, பொழுதுபோக்காகக் காகிதம் வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர், பதின்மூன்று பக்கம் கொண்ட ஒரு வடிவத்தைக் கண்டுபிடித்தார். அந்த ஒரே வடிவத்தை வைத்து எவ்வளவு பெரிய தரையையும் நிரப்பலாம், கோலம் மட்டும் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வராது. கணிதக்காரர்கள் அரை நூற்றாண்டாகத் தேடியது. வானொலியில் வரைந்து காட்ட முடியாது, அதுவும் போகட்டும்.

கடைசியாக, வாங்கப் போகிறவர்களுக்கு. மாதிரிக்கு ஒரு டைல் கேட்காதீர்கள், நாலு கேளுங்கள், தரையில் சேர்த்து வைத்து எழுந்து நின்று பாருங்கள். சந்துக்குப் பூசுகிற கிரவுட் நிறத்தையும் அப்போதே முடிவு செய்யுங்கள், வெள்ளை டைலுக்குக் கறுப்புக் கோடு போட்டால் அது வேறு சுவர். பெட்டி எல்லாம் ஒரே பேட்ச் நம்பரா என்று பார்த்து வாங்குங்கள். முக்கியமாக, ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரண்மேல் போட்டு வையுங்கள். எங்கள் வீட்டில் அதைச் செய்யவில்லை. திரும்பி நிற்கிற அந்த ஒன்றைப் பெயர்த்தால் உடையும், அந்தப் பூ இப்போது எங்கேயும் வருவதில்லை, விசாரித்துவிட்டேன். கையைக் காட்டுகிறார். வணக்கம்.