கொள்ளையடிக்க வந்தவன் வெட்டிவைத்த கல்வெட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

காஞ்சிபுரம் போகிறவர்கள் காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதராஜர் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பட்டுச்சேலைக் கடைக்குள் நுழைந்துவிடுவார்கள். ஊரின் மேற்கு ஓரத்தில் இருக்கும் கைலாசநாதர் கோயிலுக்குக் கூட்டம் குறைவு. சரி, அதுவும் நல்லதுதான். நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் கட்டிய கற்றளி, அதாவது கற்கோயில் இது. அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். மணற்கல் உளிக்கு இளகிக் கொடுக்கும். மழைக்கும் அப்படியே இளகிவிடும். கரைந்த முகங்களுக்குப் பிற்காலத்தில் சுதை பூசியிருக்கிறார்கள். அந்தப் பூச்சைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வரும். மதிலின் உட்புறம் 58 சிறு சன்னதிகள் வரிசையாக நிற்கின்றன. சிலவற்றின் சுவரில் பல்லவர் கால ஓவியத்தின் மிச்சங்களை 1931இல் துப்ராய் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் கண்டெடுத்தார். கருவறையில் பதினாறு பட்டை லிங்கம். அதைச் சுற்றிவர ஒரு குறுகிய வழி உண்டு. தவழ்ந்துதான் நுழைய வேண்டும், தவழ்ந்துதான் வெளியே வர வேண்டும். மறுபிறவி இல்லை என்பார்கள். என் வயிற்றோடு நான் ஒருமுறை முயன்றேன், அடுத்த பிறவியே பரவாயில்லை என்று தோன்றிவிட்டது!

இனி நான் சொல்ல வந்த தூணுக்கு வருகிறேன். கருவறைக்கு முன்னால் உள்ள மண்டபத்தில் ஒரு தூணில் பழங்கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. வெட்டுவித்தவன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன். பல்லவர்கள் ஒரு காலத்தில் சாளுக்கியரின் தலைநகரான வாதாபியைப் பிடித்தவர்கள். அந்தப் பகை தீர்க்க வந்து காஞ்சியை வென்றவன், இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்தான். எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்தான். கல்வெட்டு அதைத்தான் சொல்கிறது. வென்றவனே சொல்லிக்கொள்வது என்பதால் பெருமையடிப்பு கொஞ்சம் இருக்கலாம்.

ஆனால் அவன் வெறுங்கையோடு போகவில்லை. அவனுடைய அரசி லோகமாதேவி கர்நாடகத்தில் உள்ள பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலைப் பாருங்கள். விமானத்திலும் மதிலை ஒட்டிய சிறு சன்னதிகளிலும் காஞ்சியின் சாயல் அப்படியே தெரியும். அப்புறம் எல்லோராவின் கைலாசர் கோயில் வரைக்கும் அந்தச் சாயல் போயிருக்கிறது.

அடுத்த முறை காஞ்சிக்குப் போனால் சேலைக் கடைக்கு முன்னால் இங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மண்டபத்தில் அந்தக் கன்னட எழுத்தைத் தேடிப் பாருங்கள். வணக்கம்.