ஐ7 என்றால் எந்த ஐ7?

நேயர்களுக்கு வணக்கம்.

காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் வேலையில் எனக்கு 20 வருடம் ஓடிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏனுங்க, இன்டெல் நல்லதுங்களா, ஏஎம்டி நல்லதுங்களா?" இரண்டும் கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரைச் செய்யும் கம்பெனிகள். நான் உடனே பதில் சொல்வதில்லை. நம்ம ஊர் மோட்டார் கடையில் போய், "அஞ்சு எச்.பி.யில ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்களா? கிணறா, போரா, எத்தனை அடி ஆழம், என்ன பைப், தண்ணீர் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். பிராசசருக்கும் அந்த விசாரணை வேண்டும். அது இல்லாமல் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். அதனால்தான் இன்றைக்கு இதைப் பேச வந்தேன்.

சோமனூர் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர், இன்ஜினியரிங் படிக்கும் மகளோடு வந்தார். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர், வேகமே இல்லை என்றார். கேபினட் பளபளவென்று இருந்தது, முன்பக்கம் இன்டெல் ஐ7 ஸ்டிக்கர். "பெரிய நம்பர்தானுங்களே கேட்டு வாங்கினேன்?" என்றார். ஆன் செய்து பார்த்தேன். ஐ7-3770. 2012-இல் வெளிவந்த சிப், அதாவது பிராசசர். புதுக் கேபினட்டுக்குள் பழைய சரக்கைப் போட்டு, புதுசு என்று யாரோ தலையில் கட்டிவிட்டார்கள். தறி ஓட்டிச் சேர்த்த காசு அது. அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஐ3, ஐ5, ஐ7 என்பது அந்தந்தத் தலைமுறைக்குள் இருக்கும் வரிசை, அவ்வளவுதான். எந்தத் தலைமுறை என்பது கோடு போட்டு அடுத்து வரும் எண்ணில் இருக்கிறது. 3770-இல் கடைசி மூன்று இலக்கத்தைத் தள்ளினால் மிச்சம் 3, அதாவது மூன்றாம் தலைமுறை. 12100-இல் அப்படித் தள்ளினால் 12. 2022-இல் வந்த ஐ3-12100-க்கும் அந்தப் பழைய ஐ7-க்கும் கோர், அதாவது சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளின் எண்ணிக்கை ஒன்றுதான், நான்கு. ஆனால் வேகத்தில் ஐ3 எங்கேயோ போய்விடும். தவிர, விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், ஏஎம்டியில் ரைசன் என்ற பெயரில் வரும் சிப்புகளில் 2000 வரிசையிலிருந்து வேண்டும். விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதனால் பில் போடும் முன் முழு எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தையும் பாருங்கள். இன்டெல்லில் எஃப் என்று முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ், அதாவது திரைக்குப் படம் தயாரிக்கும் பகுதி, கிடையாது. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு போடாமல் ஆன் செய்தால் மானிட்டரில் படமே வராது. ரைசன் 5000 வரிசையில் ஜி என்று முடிந்தால்தான் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு.

சரி, விளையாட்டுக்கு வருவோம். பையன்கள் கிகாஹெர்ட்ஸ், அதாவது சிப்பின் துடிப்பு வேகம், எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியை நினைத்துப் பாருங்கள். பவர் டேபிளில் ஒரு டெய்லர் உட்கார்ந்திருக்கிறார். நல்ல கைவேகம். ஆனால் கட்டிங் பீஸ் தீர்ந்த ஒவ்வொரு தடவையும் கீழே குடோனுக்கு ஆள் போய் எடுத்து வர வேண்டும் என்றால், மெஷின் ஓடும் நேரத்தை விட நிற்கும் நேரம்தான் அதிகம். பீஸ் கட்டு பக்கத்திலேயே அடுக்கியிருந்தால் கொஞ்சம் நிதானமான டெய்லர்கூட அதிக உருப்படி முடித்துவிடுவார். பிராசசருக்குக் குடோன் என்பது ரேம், வெளியே தனியாக இருக்கும் நினைவகம். பக்கத்தில் அடுக்கிய கட்டுதான் கேஷ், சிப்போடு சேர்ந்தே இருக்கும் சின்ன நினைவகம்.

ஏஎம்டி 2022-இல் செய்தது இதைத்தான். 5800எக்ஸ் என்ற சிப்பில் எல்3 எனும் பெரிய கேஷ் 32 எம்பி. அதன் மேலேயே இன்னொரு அடுக்கு கேஷை ஏற்றி 96 எம்பி ஆக்கி, 5800எக்ஸ்3டி என்று விட்டார்கள். கிகாஹெர்ட்ஸ் முன்னதை விடக் கொஞ்சம் குறைவுதான். இருந்தும் பெரும்பாலான கேம்களில் புதியதுதான் முந்தியது. பிறகு 2023-இல் 7800எக்ஸ்3டி, 2024 நவம்பரில் 9800எக்ஸ்3டி. விளையாட்டு மட்டும்தான் முக்கியம், பணமும் இருக்கிறது என்றால் இன்றைக்கு என் கை இந்த வரிசைப் பக்கம்தான் போகும்.

ஆனால் எல்லா வீட்டுக்கும் அது தேவையில்லை. மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 60 படத்துக்கு மேல் அது காட்டாது. பிராசசர் 200 படம் தயார் செய்து கொடுத்தாலும் கண்ணுக்கு வந்து சேருவது 60தான். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி வேக விளையாட்டை 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஆடும் பையனுக்குப் பிராசசர் முக்கியம். படம் அழகாக, பெரிதாகத் தெரிய வேண்டும் என்று 4கே மானிட்டரில் ஆடுகிறவருக்குப் பாரம் முழுக்கக் கிராபிக்ஸ் கார்டின் மேல்தான். அங்கே பிராசசரில் மிச்சம் பிடித்துக் கார்டில் போட வேண்டும்.

கரண்ட் விஷயம் ஒன்று. ஐ9-14900கே முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். நம் வீட்டு டேபிள் டாப் கிரைண்டர் பெரும்பாலும் 150 வாட். சாதாரண 600 விஏ யுபிஎஸ் தாங்குவதே 360 வாட்தான். கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்தால், கரண்ட் போன நொடியில் யுபிஎஸ்ஸும் கைவிட்டுவிடும். ஈரோடு, கரூர்ப் பக்கம் சித்திரை வெயிலில் ஓட்டுக் கட்டிடத்துக்குள் இப்படி ஒரு சிப்பை வைத்தால் ஃபேன் அலறுவதைக் கேட்கவே பாவமாக இருக்கும்.

இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறையில் இன்னொரு சிக்கலும் வந்தது. தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறி, ஐ7, ஐ9 சிப்புகள் பலவும் நாளடைவில் தடுமாற ஆரம்பித்தன. 2024 ஆகஸ்டில் பயாஸ், அதாவது மதர்போர்டில் இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேர், வழியாகத் திருத்தம் கொடுத்தார்கள், வாரன்டியையும் இரண்டு வருடம் கூட்டினார்கள். ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. ஏஎம்டி பக்கமும் 2023-இல் சில மதர்போர்டுகளில் 7800எக்ஸ்3டி கருகியது, அப்புறம் வோல்டேஜுக்கு வரம்பு வைத்தார்கள்.

இதையெல்லாம் கேட்டு இன்டெல்லை ஒதுக்கிவிடாதீர்கள். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர்களுக்கு நான் இன்டெல்தான் போட்டுத் தருகிறேன். புதுக் கேமராக்கள் எடுக்கும் 4:2:2 பத்து பிட் ஹெச்இவிசி (நிற விவரம் அதிகம் உள்ள, சுருக்கிப் பதிந்த) வீடியோவை இன்டெல் சிப்பில் உள்ள கிராபிக்ஸ் நேரடியாகப் பிரித்துப் படிக்கும். எடிட் செய்யும்போது டைம்லைன் தடங்கலில்லாமல் ஓடும். இங்கேயும் எஃப் சிப்பை வாங்கிவிட்டால் அந்த வசதி கையை விட்டுப் போய்விடும்.

டேலி, எக்ஸெல், ஆன்லைன் வகுப்பு, ஜிஎஸ்டி தாக்கல் இவ்வளவுதான் வேலை என்றால் ஐ3-12100-ஓ ரைசன் 5600ஜி-யோ தாராளம். எஸ்எஸ்டி, அதாவது வேகமான சேமிப்பு டிரைவ், கட்டாயம். ரேமை 8 ஜிபி இரண்டாகப் போடுங்கள். 5600ஜி-யில் உள்ள கிராபிக்ஸ் ரேமைத்தான் நம்பி இருக்கிறது, ஒற்றை ரேம் போட்டால் சோர்ந்துவிடும். பின்னால் நல்ல கிராபிக்ஸ் கார்டு போடும் எண்ணம் இருந்தால் ஜி இல்லாத 5600-ஐயே எடுங்கள். அதில் கேஷ் 32 எம்பி, ஜி-யில் பாதிதான்.

இரண்டு கம்பெனியும் இருப்பது நமக்கு எவ்வளவு நல்லது என்பது மஞ்சள் ஏலம் பார்த்தவர்களுக்குப் புரியும். ஒரே வியாபாரி நின்றால் அவர் சொன்னதுதான் விலை. இன்டெல் 1968, ஏஎம்டி 1969. ஐபிஎம் தன் கம்ப்யூட்டருக்குச் சிப் கொடுக்க ஒருவரை மட்டும் நம்ப விரும்பாததால்தான், இன்டெல்லின் வடிவமைப்பை ஏஎம்டியும் செய்ய உரிமம் கிடைத்தது. 2003-இல் ஏஎம்டி கொண்டுவந்த 64 பிட் முறையில்தான் இன்று இன்டெல்லும் ஓடுகிறது. நடுவில் ஏஎம்டி தளர்ந்த காலத்தில் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நான்கு கோருக்கு மேல் இன்டெல் கொடுக்கவே இல்லை. 2007-இலும் நான்கு, 2017 தொடக்கத்திலும் நான்கு. அந்த மார்ச்சில் எட்டு கோரோடு ரைசன் வந்தது. அக்டோபரிலேயே இன்டெல் ஆறு கோர் ஐ7 கொண்டுவந்துவிட்டது!

2019-இல் அவிநாசியிலிருந்து ஒரு அப்பாவும் பையனும் வந்தார்கள். அப்பா ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருப்பவர். பையனுக்கு ஐ9 வேண்டும். பட்ஜெட்டைக் கேட்டுவிட்டு, "தம்பி, ரைசன் 2600 போதும், மிச்சத்தைக் கார்டில் போடலாம்" என்றேன். முகம் வாடிவிட்டது. மதர்போர்டு மட்டும் பி450 என்ற மாடல் போட்டேன், அதில் சிப்பை உட்கார வைக்கும் சாக்கெட் ஏஎம்4. இன்டெல்லில் இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒருமுறை சாக்கெட் மாறும், போர்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஏஎம்4 சாக்கெட்டை ஏஎம்டி நீண்ட நாள் வைத்திருந்தது.

ஐந்து வருடம் கழித்து அதே பையன், இப்போது வேலைக்குப் போகிறவர், தானே வண்டியில் வந்தார். பயாஸ் அப்டேட் செய்து, பழைய சிப்பைக் கழற்றி, சூடு கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்து, 5700எக்ஸ்3டி வைத்தேன். அரை மணி நேர வேலை. ஆன் செய்ததும் எட்டு கோர், 96 எம்பி கேஷ் என்று திரையில் வந்தது. அவர் அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அந்த மனிதர் கேட்டார், "போர்டு பழசேதானுங்களா? அப்ப கழட்டுன சிப்பைக் குடுத்துவிடுங்க, யூனிட்ல டேலிக்கு ஆகும்."

கழற்றிய 2600-ஐயும், அதில் கிராபிக்ஸ் இல்லாததால் சின்னதாக ஒரு பழைய கார்டையும் கவரில் போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

வணக்கம்.