வாரண்டி முடிந்த பிறகும் ஓடும் தவணை

வணக்கம் நேயர்களே. செந்தூலில் கார் பட்டறை நடத்துகிறேன். கார் வாங்கப்போகிறவர்களிடம் கூடுதல் வாரண்டி பற்றி, அதாவது கம்பெனி வாரண்டி முடிந்த பிறகுக்காகக் காசு கொடுத்து வாங்கும் வாரண்டி பற்றி, ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

நம் மலேசியாவில் புதுக் காருக்கு 9 வருடம் வரை கடன் கிடைக்கிறது. பெரோடுவா கார் கம்பெனியின் வாரண்டியோ 5 வருடம் அல்லது 150,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதோடு சரி. மீதி நான்கு வருடம் தவணையும் கட்ட வேண்டும், பழுதானால் செலவும் நம் தலையில்தான். இந்தப் பயத்தைக் காட்டித்தான் கூடுதல் வாரண்டியை விற்கிறார்கள்.

பெரோடுவாவின் மைவி ஓட்டுகிறீர்களா? என்னைக் கேட்டால் கூடுதல் வாரண்டி வேண்டாம் என்பேன். அதன் பார்ட்ஸ் எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்தப் பணத்தை மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள். டர்போவும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸும் உள்ள பழைய ஐரோப்பிய கார் என்றால் கதை வேறு. கியர்பாக்ஸ் ஒன்று போனாலே பல ஆயிரம் வெள்ளி. அங்கே வாரண்டி எடுக்கலாம், ஆனால் தாளை முழுக்கப் படித்த பிறகு.

பழைய கார் கடைகள் தரும் வாரண்டியில் பெரும்பாலும் எஞ்சினும் கியர்பாக்ஸும் மட்டும்தான் இருக்கும். ஏர்கோன் கம்ப்ரசர் இருக்காது. பிரேக் பேட், பேட்டரி எல்லாம் தேய்மானம் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒரு பழுதுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பும் இருக்கும். வெள்ளத்தில் மூழ்கினால் அது வாரண்டியில் வராது. காப்புறுதியில்கூட வெள்ளப் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் கார்கள் மூழ்கியபோதுதான் பலருக்கு அது தெரிந்தது.

எல்லாவற்றையும்விட ஆளைக் கவிழ்ப்பது சர்வீஸ் நிபந்தனை. என் வாடிக்கையாளர் அக்கா ஒருவர் கியர்பாக்ஸ் பழுதாகி என்னிடம் வந்தார். கையில் வாரண்டி இருந்தது. ஒரு சர்வீஸ் தள்ளிப்போனதைக் காட்டி மறுத்துவிட்டார்கள். கியர் எண்ணெய் மாற்றியிருந்தார், ரசீதை வைத்திருக்கவில்லை. எனக்கு மனசே ஆறவில்லை. பட்டறையில் கேட்டு வாங்குங்கள்: தேதி, கிலோமீட்டர், என்ன எண்ணெய் என்று எழுதிய ரசீது. அப்படித் தர மறுக்கும் பட்டறைக்கு மறுபடி போகாதீர்கள்.

நியாயமில்லாமல் மறுத்தால் சும்மா விட வேண்டாம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. பிரச்சினை நடந்து மூன்று வருடத்துக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.