பின்னால் இருந்து பேசும் குரல்

நேயர்களுக்கு வணக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எந்த டீக்கடையில் அரசியல் பேச்சு கிளம்பினாலும், கண்ணாடி கிளாஸ் காலியாவதற்குள் ஒருவர் சொல்லிவிடுவார்: "இதுக்கெல்லாம் பின்னாடி வேற ஆள் இருக்கான் சார்." அந்தப் பேச்சைத் தள்ளிவிட எனக்கு மனசு வராது. ஏனென்றால் பின்னால் ஆள் இருந்த கதைகள் உண்மையிலேயே உண்டு.

நம் ஊரிலேயே பாருங்கள். 1749-இல் ஆற்காட்டு நவாப் பதவிக்குச் சண்டை. சந்தா சாகிப்புக்குப் பின்னால் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே. முகமது அலிக்குப் பின்னால் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்கள். பதவிச் சண்டை ஏற்கெனவே இருந்தது. இவர்கள் ஆளுக்கொரு பக்கம் படையும் பணமும் இறக்கினார்கள். டூப்ளேவிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதிவைத்ததால், அந்தக் காலத்துப் பேரங்கள் பலவும் இன்று நமக்குத் தெரிகின்றன.

இந்தக் காலத்துக் கதை ஒன்று. 2016 மே 21, அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரம். ஓர் இஸ்லாமிய மையத்தின் முன்னால், தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் எதிர்க்கூட்டம். நடுவில் போலீஸ். ஒரு கூட்டத்தை அழைத்தது டெக்சாஸ் பெருமை பேசும் ஃபேஸ்புக் பக்கம். மற்றதை அழைத்தது முஸ்லிம்கள் பெயரில் இருந்த பக்கம். இரண்டையும் நடத்தியது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஒரே அலுவலகம். விளம்பரத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ 200 டாலர் என்று மறு வருஷம் செனட் விசாரணையில் சொன்னார்கள்.

200 டாலர்தான். அந்தப் பணத்துக்குக் கோபத்தை விலைக்கு வாங்க முடியாது. கோபம் அங்கே முன்பே இருந்தது. அவர்கள் தேதியும் இடமும் மட்டும் குறித்துக் கொடுத்தார்கள். 2023 மார்ச்சில், வேறெங்கோ நடந்த அடிதடி வீடியோக்களைத் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பரப்பியபோதும், பயந்துபோய் ரயில் ஏறியவர்கள் உண்டு.

அதனால்தான் "எல்லாமே மறைமுக சதி" என்ற பேச்சு எனக்குக் கவலை தருகிறது. எல்லாவற்றையும் கண்ணுக்குத் தெரியாதவன் தலையில் போட்டுவிட்டால், கண்ணுக்குத் தெரிகிறவரைக் கேள்வி கேட்க ஆள் இருக்காது. குடிநீர்க் குழாய் வராததற்கு வார்டு உறுப்பினர் பதில் சொல்ல வேண்டாமா? ஹூஸ்டன் கதை வெளியே வந்ததே, யார் பணம் கட்டினார்கள், எந்தக் கணக்கில் கட்டினார்கள் என்று பொறுமையாகத் தேடியதால்தான்.

என் சித்தப்பா விஷயத்தைச் சொல்கிறேன். ஒரு தேர்தல் சமயம், அவர் வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு. "நான் உங்க ஊர்க்காரன்தான் பேசுறேன்" என்று தொடங்கியது. பக்கத்துத் தெருக்காரர்கள் சேர்ந்து நம் தெரு ஓட்டை எல்லாம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களாம். சித்தப்பா அன்றோடு பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் தன் சிநேகிதரிடம் பேச்சை நிறுத்திவிட்டார். முப்பது வருஷப் பழக்கம்.

பதிவை என்னிடம் போட்டுக் காட்டினார். அந்த ஆள் "திருப்பாதிரிப்புலியூர்" என்று போர்டில் எழுதியிருப்பதை அப்படியே முழுசாகச் சொன்னான். எங்கள் ஊரில் பிறந்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வாயைத் திறந்தால் திருப்பாப்புலியூர்தான். "இதைக் கவனிக்கலையா சித்தப்பா?" என்றேன். "கோவத்துல எங்கடா காது கேக்குது" என்றார்.

வாக்குச்சாவடி அலுவலரிடம் போய்ப் பட்டியலைப் பார்த்தோம். பெயர்கள் பத்திரமாக இருந்தன. சாவடி மட்டும் மாறியிருந்தது. அந்தச் சாயங்காலமே சித்தப்பா தையல் கடைக்குப் போனார், நானும் கூடப் போனேன். சிநேகிதர் ஒன்றும் பேசாமல் தன் போனை எடுத்து நீட்டினார். அதே குரல். எங்கள் தெருக்காரர்கள் அவர்கள் தெரு ஓட்டை எடுத்துவிட்டார்களாம். அதிலும் "திருப்பாதிரிப்புலியூர்" முழுசாகவே வந்தது.